வயலும் ‘பயலு’வும்

மாலை ஆறரை மணி. மர்பி டவுனில் ஒரு சிறிய வீடு. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சிறுமி கன்னடப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “மக்களு பயலினல்லி ஆடுத்தாரெ.”

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “புள்ளைங்க வயல்ல எறங்கி விளையாடினா நாத்து என்னத்துக்கு ஆகும்? யாரும்மா இதைப் புஸ்தகத்துல போட்டது?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். “எந்தப் பயல்டி விளையாடறான்?”

“ஐயோ பாட்டி! பயல் இல்ல, பயலு. பெரிய மைதானம் மாதிரி. எங்க மிஸ் சொன்னாங்க.”

“அப்போ வயலுக்குக் கன்னடத்துல என்ன?” என்றாள் தாய்.

“கத்தெ.”

பாட்டிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கத்தென்னா கழுதையில்ல? அம்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்கே பாடம் சொல்றியா?”

சிறுமி விடவில்லை. கழுதைக்கு வரும் எழுத்து வேறு, வயலுக்கு வரும் எழுத்து வேறு என்று எழுதிக் காட்டினாள். ‘காந்தி’ என்னும்போது வரும் க, த இரண்டையும் வைத்துச் சொன்னால் அது நெல் விளையும் நிலம். அழுத்திச் சொன்னால் கழுதை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். நம்மவர்களில் எத்தனை பேர் ஒன்றைச் சொல்ல நினைத்து மற்றொன்றைச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறோம்!

கடைசியில் பாட்டி ஒரு போடு போட்டார். “எங்க ஊர்ல வயலுன்னு யாரு சொன்னா? கயனின்னுதான் சொல்லுவோம். கயனிக்குப் போறோம், கயனியில அறுப்பு, அப்படித்தான் பேச்சு.”

பாட்டி வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கழனிதான் அவர் நாவில் கயனி. தாய்க்குத் தெரிந்த வயல் பள்ளிக்கூடத் தமிழ் கொடுத்த வயல். பேத்திக்குக் கிடைத்திருப்பதோ கன்னடப் பாடத்தின் பயலு. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, மூன்று சொல். இதில் யார் சொல்வது சரி? மூவரும் சரி என்பதே விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் நாம் குடியிருக்கும் ஊரின் நிலமும் நாம் குடிக்கும் நீரும் வருகின்றன.

வகரம் பகரமானது

வயல், பயலு இரண்டும் ஒரே சொல். தமிழில் சொல்லின் முதலில் வகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் பகரம் நிற்கும். ‘பஸ்’ என்பதில் வரும் மெல்லிய பகரம் அது. வாழை அங்கே பாளெ. வெல்லம் பெல்ல. வெண்ணெய் பெண்ணெ. விரல் பெரளு. வேர் பேரு. வேலி பேலி. வெள்ளி பெள்ளி. வளையல் பளெ. வீதி பீதி. இந்த வரிசையில் வயல் பயலு ஆனதில் வியப்பு என்ன?

இதற்குத் துணையாக இன்னொரு வாய்பாடும் உண்டு. தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பழம் ஹண்ணு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. புல் ஹுல்லு. நம் பள்ளம் அங்கே ஹள்ள ஆகி, பள்ளத்தில் ஓடும் ஓடையையே குறிக்கிறது. அல்சூர் என்று நாம் சொல்லும் ஹலசூருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் ஹலசு வேறொன்றுமில்லை, நம் பலாதான்.

கன்னடம் கடினம் என்று முகம் சுளிக்கும் குழந்தைகளுக்கு இந்த இரண்டு வாய்பாட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். ஐம்பது சொற்களை அவர்களே கண்டுபிடித்து விடுவார்கள். தமிழும் மறக்காது, கன்னடமும் வரும்.

ஆனால் ஒலி ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அக்காளும் தங்கையும் வெவ்வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டால் பழக்க வழக்கம் மாறுவதுபோலச் சொற்களும் மாறும். பரோ, எமனோ என்ற இரண்டு அறிஞர்கள் 1961ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி வயலையும் பயலுவையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 1984ல் வந்தது. மலையாளத்தின் வயலும் தெலுங்கின் பயலுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

வெளியைப் பிடித்துக்கொண்ட தங்கை

தமிழில் வயல் என்றால் நெல் விளையும் நிலம். நீரும் வரப்பும் பயிரும் இல்லாமல் வயலை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. திருச்சிக்கு அருகிலுள்ள வயலூர் முருகனை அறியாதவர் குறைவு. காரைக்குடிப் பக்கத்தில் புதுவயலும் சிறாவயலும் இருக்கின்றன. இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் கண்முன் வருவது பசுமைதான்.

கன்னடத்தில் பயலு என்றால் திறந்தவெளி. அங்கே நீர் வேண்டியதில்லை, பயிரும் வேண்டியதில்லை. மரமோ சுவரோ மறைக்காமல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தால் போதும். கர்நாடகத்தின் சமவெளி மாவட்டங்களுக்குப் ‘பயலுசீமெ’ என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியான மலெநாட்டுக்கு எதிர்ப்பதம் அது. மழை குறைந்த வறண்ட சீமை என்பது அதில் அடங்கிய பொருள். ஆக, தமிழில் ஈரத்தைக் குறிக்கும் சொல் கன்னடத்தில் வறண்ட நாட்டுக்குப் பெயராகிவிட்டது!

இரவு முழுவதும் திறந்த மேடையில் ஆடும் கூத்துக்குப் ‘பயலாட்ட’ என்று பெயர். நம் தெருக்கூத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஜே.சி. சாலையில் ரவீந்திர கலாக்ஷேத்திரத்தின் பின்புறம் சம்ச பயலு ரங்கமந்திரம் இருக்கிறது. திறந்தவெளி அரங்கம் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஒரு மறைந்த செய்தி வெளிச்சத்துக்கு வந்தால் ‘பயலிகெ பந்து’ என்று கன்னடப் பத்திரிகைகள் எழுதும். அதாவது ‘வெளியே வந்தது’. தெலுங்கில் ‘பயட்ட’ என்றால் வெளியே. ‘பயலுதேரு’ என்றால் புறப்படு.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் வசனக் கவிஞர்கள் இந்தச் சொல்லை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். அல்லமப் பிரபுவின் வசனங்களில் பயலு என்பது எல்லாம் அடங்கிய பெருவெளி, சூன்யம். நம் சித்தர்களின் வெட்டவெளியும் அதுவும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த சொற்களில் ஒன்று ஈரத்தையும் மற்றொன்று வெளியையும் எடுத்துக்கொண்டது எப்படி? தொடக்கத்தில் அந்தச் சொல் குறித்தது எந்த நிலத்தை?

காட்டுக்குள் இருக்கும் வயல்

இதற்கு விடை தேட நூலகத்துக்குப் போகவேண்டாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போகிறீர்கள் அல்லவா? அந்த வழியிலேயே விடை இருக்கிறது.

மைசூர், குண்டல்பேட்டை தாண்டிப் பந்திப்பூர்க் காட்டுக்குள் பேருந்து நுழைகிறது. எல்லை கடந்தால் தமிழ்நாட்டின் முதுமலை. மேற்கே கேரளத்தின் வயநாடு. மூன்று மாநிலங்களும் மூன்று மொழிகளும் சந்திக்கும் காடு இது. இந்தக் காட்டின் பள்ளமான இடங்களில், நாற்புறமும் மரங்கள் சூழ, நடுவில் மட்டும் மரமே இல்லாமல் ஒரு பசும்புல் பரப்பு கிடக்கும். மழைக்காலத்தில் அங்கே கால் வைத்தால் சேறு கணுக்கால்வரை ஏறும். யாரும் அங்கே நெல் விதைக்கவில்லை. ஆனாலும் முதுமலையிலும் வயநாட்டிலும் அதன் பெயர் வயல்!

இங்கேதான் அக்காளும் தங்கையும் பங்கு போட்டுக்கொண்ட சொத்து பங்கு பிரியாமல் அப்படியே இருக்கிறது. ஈரமும் உண்டு, வெளியும் உண்டு. கூடவே புல்லும் உண்டு. நீர் தேங்கும் திறந்த புல்வெளி. சொல்லின் பழைய பொருள் இதற்கு நெருக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமிருக்கிறது.

கன்னட நாட்டுப் பகுதியான நாகரஹொளெக் காட்டிலும் இதே நிலம் உண்டு. அங்கே அதற்கு ‘ஹட்லு’ என்று பெயர். பயலு என்ற சொல் வெறும் வெளியைக் குறிக்கப் போய்விட்டதால், ஈரமான புல்வெளிக்கு வேறொரு சொல் வேண்டியிருந்தது போலும்.

அடர்ந்த காட்டின் நடுவில் இப்படி ஒரு வெளி எப்படி உண்டாகிறது? சரிவுகளிலிருந்து மழை அரித்துக் கொண்டுவரும் நுண்ணிய களிமண் பள்ளத்தில் படிகிறது. களிமண் நீரை எளிதில் கீழே விடாது. மாதக்கணக்கில் நீர் தேங்கி நிற்பதால் மண்ணுக்குள் காற்றுப் புகுவதில்லை. மரக்கன்றுகளின் வேர் மூச்சு முட்டி அழுகிவிடுகிறது. புல்லும் கோரையும் அந்தச் சேற்றில் வாழக் கற்றவை. எனவே மரம் ஓரத்திலேயே நின்றுகொள்ள, நடுவிடம் புல்லுக்கு வாய்க்கிறது.

பங்குனி, சித்திரையில் காடு முழுவதும் இலையுதிர்ந்து காய்ந்து கிடக்கும்போது வயலில் மட்டும் பச்சை இருக்கும். யானை, காட்டெருமை, புள்ளிமான் எல்லாம் அங்கே கூடும். குழந்தைகள் பேருந்து சன்னல் வழியே மான் கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டும்போது, அவை நிற்கும் தரையையும் ஒரு நிமிடம் காட்டுங்கள். “இதுதாம்மா வயல்” என்று சொல்லுங்கள்.

நெல் வந்த வழி

காட்டுக்குள் இருந்த புல்வயல் நெல்வயலானது எப்படி? ஏர் பூட்டும் உழவன் கண்ணால் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நெல்லுக்கு என்ன வேண்டும்? நீர் நிற்கவேண்டும், அது கீழே இறங்கிப்போகாத களிமண் வேண்டும், வெயில் விழவேண்டும், வெட்ட மரம் இருக்கக்கூடாது. இந்த நான்கும் ஏற்கெனவே கூடி நிற்கும் இடம் வயல். நெல்லும் ஒரு புல்தானே! ஒரு புல்லை எடுத்துவிட்டு இன்னொரு புல்லை வைத்தார்கள். நிலம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. நாளடைவில் ஏரி வெட்டிக் கால்வாய் கொண்டுபோய் நீர் பாய்ச்சிய இடமெல்லாம் வயல் என்று பெயர் பெற்றிருக்கும்.

வயநாட்டில் இதைக் கண்ணெதிரே காணலாம். அந்த மாவட்டத்தின் பெயரே ‘வயல் நாடு’ என்பதிலிருந்து வந்தது என்பர். ‘வன நாடு’ என்று சொல்வாரும் உண்டு. அங்கே குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களெல்லாம் வயல். கந்தகசாலை, ஜீரகசாலை என்ற வாசனை நெல்வகைகள் அந்த வயல்களில் விளைபவை. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. மானந்தவாடிக்கு அருகில் செறுவயல் ராமன் என்ற குறிச்சியர் இனத்துப் பெரியவர், ஐம்பதுக்கு மேற்பட்ட பழைய நெல்வகைகளைத் தம் சிறிய நிலத்தில் ஆண்டுதோறும் விதைத்துக் காத்து வந்தார். 2023ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செறுவயல் என்பது அவர் பெயரோடு ஒட்டிய வீட்டுப் பெயர். நம் தமிழில் சிறுவயல்.

இதே வயநாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. நெல்லில் இலாபம் இல்லை என்று வயலை மேடாக்கி வாழை நட்டார்கள், பாக்கு நட்டார்கள், வீடும் கட்டினார்கள். நீர் தேங்கும் இடம் போனதும் கீழேயுள்ள கிணறுகள் வற்றத் தொடங்கின. கேரள அரசு 2008ல் நெல்வயலையும் தண்ணீர்த்தடத்தையும் காப்பதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில் வரும் நெல்வயல், தண்ணீர்த்தடம் என்ற இரண்டு சொற்களும் நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டாதவை. ஒரு பழஞ்சொல் சட்டப் புத்தகத்தில் ஏறி, அதன் பொருள் என்ன என்று வழக்கறிஞர்கள் வாதாடும் நிலைமை வந்திருக்கிறது. ஒரு நிலம் வயலா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே வீடு கட்டலாமா கூடாதா என்பது முடிவாகிறது.

இதே நிலத்துக்கு இன்னும் சில பெயர்கள்

நீர் தேங்கும் நிலத்துக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. பாட்டி சொன்ன கழனி தொண்டை நாட்டின் அன்றாடச் சொல். பழனம் என்பது பழைய இலக்கியச் சொல். திருவையாற்றுக்கு அருகில் திருப்பழனம் என்ற சிவத்தலமே இருக்கிறது. செய் என்றாலும் நிலம்தான். நன்செய் நஞ்சையாகவும், புன்செய் புஞ்சையாகவும் நம் பத்திரங்களில் இன்றும் வாழ்கின்றன.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊர் மக்கள் கழுவெளி என்று சொல்லிவந்தார்கள். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையோரம் மரக்காணத்தின் பக்கத்திலும் ஒரு கழுவெளி உண்டு. இந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் பின்பாதியில் வெளி இருக்கிறது. பள்ளிக்கரணை 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அப்போது கணக்கில் வந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதைவிடப் பலமடங்கு இருந்த நிலம் அதற்கு முன்பே கட்டடங்களுக்கும் குப்பைக்கும் போய்விட்டிருந்தது.

இலங்கையில் வில்லு என்று ஒரு சொல் உண்டு. வில்பத்து வனப்பகுதியில் இயற்கையாக அமைந்த, புல் சூழ்ந்த ஆழமில்லாத நீர்த்தடாகங்களை வில்லு என்கிறார்கள். கொக்குவில், இணுவில், பொத்துவில் என்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்கும் ‘வில்’லும் நீர்நிலையைக் குறிப்பதே என்பர். ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஆனால் நீர் தேங்கும் புல்நிலத்தை வெறும் நிலத்திலிருந்து பிரித்தறிய எல்லா ஊராருமே ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள்.

நம் காலடியில்

இப்போது மர்பி டவுனுக்குத் திரும்புவோம். நாக்ஸ்பேட்டை என்று முன்பு வழங்கிய இந்தக் குடியிருப்பு, பொறியாளர் மர்பியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1809ல் தண்டு அமைந்த பின் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வேரூன்றின. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அல்சூர் ஏரி. ஏரிக்கரைப் பக்கம் நம் தமிழ்ச் சங்கமும், 2009ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் இருப்பதால், அந்தப் பக்கம் போகாத தமிழ்க் குடும்பம் இராது.

ஏரிக்குக் கன்னடத்தில் கெரெ. இதுவும் நம் சொல்லே. தமிழ்ச் சகரம் கன்னடத்தில் சில இடங்களில் ககரமாக நிற்கும். செவி அங்கே கிவி, சேரி கேரி. அதுபோல, அணை என்றும் நீர்நிலை என்றும் பொருள்படும் நம் சிறைதான் அங்கே கெரெ. ஓடும் நீரைச் சிறை வைத்த இடம்!

பெங்களூருக்குப் பேராறு கிடையாது. ஆகவே பழைய காலத்தில் பள்ளத்துக்குப் பள்ளம் கரை போட்டு, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி ஏரிச் சங்கிலி அமைத்தார்கள். ஒவ்வொரு ஏரிக்கும் மேற்பக்கம் ஆழமில்லாத ஈரப்புல்வெளி. மாடு மேய்ந்தது அங்கே. கீழ்ப்பக்கம் மதகு வழியே நீர் பாயும் நெல் நிலம். அதுதான் பாட்டியைச் சிரிக்கவைத்த அந்தக் கத்தெ. இடையே ராஜகாலுவெ என்ற பெருங்கால்வாய். அல்சூர் ஏரியின் உபரிநீர் சல்லகட்டப் பள்ளத்தாக்கு வழியே பெள்ளந்தூர் ஏரிக்குப் போகிறது. வழியிலுள்ள தொம்மலூரின் சொக்கநாதர் கோவிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஊர்ப்பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் காணப்படுகிறது. தண்டு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தமிழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று.

அந்த ஈரநிலங்கள் எங்கே? தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கரகத் திருவிழாவுக்கென்று ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சல்லகட்ட ஏரியின் மேல் கோல்ஃப் மைதானம். பெள்ளந்தூர் ஏரி கழிவுநீரால் நுரைத்தது. 2018 ஜனவரியில் அங்கே தீயே பிடித்து, அணைக்க இராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் மழையில் அதே பெள்ளந்தூர்ப் பக்கத்துச் சாலைகள் ஆறாயின. கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன காட்சியைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம்.

நீர் புதிதாக எங்கும் வந்துவிடவில்லை. தான் வழக்கமாகத் தங்கும் இடத்துக்கே வந்தது. அந்த இடம் வயல் என்பதை நகரம் மறந்து, வெறும் பயலு என்று நினைத்துக்கொண்டது. மரமில்லை, வீடில்லை, வேலியில்லை, ஆகவே காலியிடம் என்று மனை பிரித்துவிட்டார்கள். இதற்காகக் கன்னடச் சொல்லைக் குறை சொல்வதற்கில்லை. கழுவெளி என்று அழகான பெயர் வைத்திருந்த சென்னைக்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்!

பத்திரத்தைப் படிக்கும்போது

வாடகை வீட்டிலிருந்து சொந்த மனைக்கு மாறவேண்டும் என்பது இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கனவு. வாழ்நாள் சேமிப்பை அதில் போடுகிறோம். ஆகவே சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

புறநகரில் மனை வாங்கும்போது பஹணி என்ற நிலப்பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் நிலத்தின் தன்மை எழுதியிருக்கும். ‘குஷ்கி’ என்றால் புஞ்சை. ‘பாகாயத்து’ என்றால் தோட்டக்கால். ‘தரி’ என்றால் நஞ்சை. இந்தத் தரியில்தான் நம்மவர்கள் ஏமாறுவது. தமிழ்க் காதுக்கு அது தரிசு என்று கேட்கும். தரிசு நிலம்தானே, வீடு கட்டத் தோது என்று நினைத்துவிடுவோம். உண்மை நேர் எதிர். நீர் பாய்ந்து நெல் விளைந்த நிலம் அது. ஏரிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும்.

‘கராபு’ என்று எழுதியிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கராபில் ‘பி’ பிரிவு என்றால் அது ஓடை, ஏரி, பாதை போன்ற பொது உபயோகத்துக்கு விடப்பட்ட நிலம். மனை விற்க வருகிறவர் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லமாட்டார். கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவரையோ நம்பகமான வழக்கறிஞரையோ வைத்துப் படித்துவிடுங்கள். ஊரின் பழைய வரைபடத்தில் கால்வாய் எந்த வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். பக்கத்திலுள்ள ஒரு வயதானவரிடம், “மழைக்காலத்தில் இங்கே நீர் நிற்குமா? முன்பு என்ன பயிர் வைத்தார்கள்?” என்று கேட்டுவிடுங்கள். செலவில்லாத விசாரணை இது.

குழாயில் வரும் வயல்

ஈரப்புல்வெளி எங்கோ காட்டில் இருந்தால் நமக்கென்ன என்று தோன்றலாம். வயநாட்டில் பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் சேர்ந்து கபினி ஆகிறது. அங்குள்ள வயல்கள் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லமெல்ல ஓடைகளுக்கு விடுகின்றன. கபினி கர்நாடகத்துக்குள் ஓடி வந்து திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அதற்குக் கீழே எடுக்கப்படும் காவிரி நீர்தான், 1974 முதல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் குழாயில் ஏறிப் பெங்களூருக்கு வருகிறது. ஆகவே மர்பி டவுனில் காலையில் நாம் பிடிக்கும் குடத்தில் வயல்நாட்டு நீரும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அதே ஆறுதான் பின்பு தமிழ்நாட்டுக்குப் போய்த் தஞ்சைக் கழனியில் பாய்கிறது.

நம் குழந்தைகள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்கிறவர்கள். வரப்பில் நடந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. சேற்றின் மணமும் தெரியாது. தமிழ்ப் பாட வகுப்பில் “வயல் என்றால் நெல் விளையும் இடம்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அது அவர்களுக்கு இன்னொரு தேர்வுக் கேள்வி, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். கெரெ எப்படிச் சிறையானது என்று சொல்லுங்கள். பாட்டி, தாத்தா இருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் கழனிக் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சொற்களைச் சொல்பவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நம் கடமை.

அன்று மாலை சிறுமி தன் நோட்டுப் புத்தகத்தில் மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். கன்னட எழுத்தில் பயலு. தமிழ் எழுத்தில் வயல். அதன் கீழே, பாட்டி சொன்னபடியே, கயனி.

“கயனி தப்பு, கழனின்னு எழுது” என்றாள் தாய்.

“பாட்டி அப்படித்தானே சொல்றாங்க?” என்றாள் சிறுமி. பிறகு கொஞ்சம் யோசித்து, அதை அடிக்காமல், பக்கத்தில் கழனி என்றும் எழுதிவைத்தாள்.